அப்பாவின் பறைக்கு ஆடாத திரை

சென்னையில் ஒரு ஹோட்டல் கிளப்பில் பாட்டுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. டிஜே போடும் சத்தம் வயர் வழியே என் லேப்டாப்புக்கு வரும். அடி விழும் இடத்தில் சுவரளவு திரையில் வட்டம் வெடிக்கும், கோடு துள்ளும். குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கிருந்த ஒரே ரசிகர் அப்பா, அதுவும் வீடியோ காலில்.

"எம் பறைக்கும் இப்புடி ஆடுமாப்பா?" என்று கேட்டார். விராலிமலைப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் காலம் காலமாக அவர்தான் பறையடிக்கிறார். "இதைவிட நல்லா ஆடும்ப்பா" என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

இந்த வருடம் இளைஞர் மன்றத்தார் டிஜே வைத்து, எல்.இ.டி. திரையும் வாடகைக்கு எடுத்து, அதை ஓட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டார். சாயங்காலம் பறையைத் தீயில் காய்ச்சும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மேடைக்குக் கீழே, கயிற்றுக்கு வெளியே, எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

பறைச் சத்தத்தை லேப்டாப்புக்கு இழுக்க, மைக்கை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். மன்றத் தலைவன் மறித்தான். பத்தாவது வரை என்னோடு படித்தவன். "அதுக்கெல்லாம் எதுக்குப்பா மைக்கு? சும்மாவே நல்லாக் கேக்கும். அது அங்கிட்டே இருக்கட்டும்."

குரலில் கோபமே இல்லை. சென்னையில் எவனிடமும் வாயடிக்கிற நான், கூடப் படித்தவனிடம் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

டிஜே பாட்டுக்குத் திரை தீயாய் ஆடியது. ஊரே விசிலடித்தது. சாமி புறப்பட்டதும் டிஜேயை நிறுத்தினார்கள், பறை எழுந்தது. அந்த அடி என் நெஞ்சில் வந்து இடித்தது. திரையிலோ ஒற்றைக் கோடு, அசையாமல் கிடந்தது. வேறு பாட்டுக்குப் போட்ட படம் எதையாவது ஓட்டி ஏமாற்றியிருக்கலாம். அதற்கும் கை வரவில்லை. அப்பா அடித்துக்கொண்டே இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே, "அம்புட்டுத் தூரத்துக்கு வயரு எட்டாதுல்லப்பா" என்றார்.

மேடைக்கும் அவர் நின்ற இடத்துக்கும் பத்தடிகூட இருக்காது. அது அவருக்கும் தெரியும்.

"எட்டாதுப்பா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று என் பையை வாங்கி பஸ்ஸில் வைத்தார்.