மூன்றே பிளகின்

மலேசியாவின் கூலிம் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த ஓர் அண்ணன், தான் தனியாக இருந்த வீட்டிலேயே பாட்டும் பதிவு செய்து கொடுப்பார். ஒல்லியான ஆள். பதியும் முன் காற்றாடியை நிறுத்திவிட்டு, ஆளில்லா அறையின் ஓசையையே சற்று நேரம் பதிவார். குரலைத் திருத்தக் கணினியில் மூன்றே பிளகின்தான், ஒலியைச் சீராக்கும் சிறு மென்பொருள்கள், வைத்திருந்தார்.

என் முருகன் பாட்டைப் பதிந்த மதியம், "இரைச்சல எடுக்குற பிளகின் ஒன்னு போடலாமே அண்ணே?" என்றேன்.

"போட்டேன் லா தம்பி. இரைச்சலோட என் சம்சாரமும் சேர்ந்து போயிட்டா. அன்னைக்கே அத அழிச்சிட்டேன்."

அவர் மனைவி இறந்து ஈராண்டு ஆகியிருந்தது.

பதிந்ததை ஓடவிட்டு, ஹெட்போனை என் காதில் மாட்டினார். பாட்டின் ஒவ்வொரு அடியிலும் என் குரல் எழும் முன், ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

இப்போதெல்லாம் எங்கே பாடினாலும், அந்த மூச்சுக்காகக் காத்திருந்துதான் தொடங்குகிறேன்.