நல்லாதான் கீது

ஓட்டலில் உட்கார்ந்திருக்கும் புருஷனுக்குப் பக்கத்தில் எழுந்து நின்று கரண்டியால் குழம்பு ஊற்றியவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் மாமல்லபுரத்தில், கடல் காற்று தகரக் கூரையைத் தூக்கிப் போடுகிற ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில், மத்தியானக் கூட்டத்துக்கு நடுவே. என் மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் எந்த நிலைமையில் அங்கே போய் நின்றேன் என்பது அவளுக்கும் தெரியும்.

எங்களுக்குப் பெருநகர். செய்யாற்றுப் பக்கம் கொஞ்சம் நெல் வைக்கிறோம். எங்கள் வீட்டில் அவர் முதலில் சாப்பிடுவார், நான் கரண்டியோடு பக்கத்தில் நிற்பேன். சோறு குறைந்தால் போடுவேன், குழம்பு குறைந்தால் ஊற்றுவேன். அவர் கை கழுவிய பிறகுதான் என் தட்டு கீழே வரும். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. என் மாமியார் அப்படி நின்றார், நானும் நின்றேன்.

நிற்கிற நேரம் பூராவும் ஒரே கச்சேரிதான். உப்பு ஏறிவிட்டது என்பார், புளி கரைக்கத் தெரியவில்லை என்பார், ரசம் கழுநீர் மாதிரி இருக்கிறது என்பார். வாய்க்கு வாய் ஒரு குற்றம். நானும் விடுகிற ஆள் இல்லை. "அப்டின்னா நாளையிலேர்ந்து நீயே பொங்கித் துன்னுய்யா" என்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'நல்லா கீது' என்று ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததில்லை. ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததும் இல்லை.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி என்று ஆபரேஷன் ஆயிற்று. கெட்ட கட்டி இல்லை, எடுத்தாகிவிட்டது, இனிமேல் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்த மனுஷன் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். நாலு வாய் தின்பார், தட்டைத் தள்ளிவிடுவார். நாக்கில் ஒன்றும் தெரியவில்லையாம். மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறதாம். ஆள் பாதியாகிப் போனார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று போட வேண்டியதாயிற்று.

திரும்பக் காட்டப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உள்ள எல்லாம் நல்லா ஆறிடுச்சும்மா. ஆனா இப்படியே சாப்பிடாம இருந்தா மறுபடியும் அட்மிட் பண்ணி, மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முன்பு ஒரு முழம் தள்ளி நின்றவள், இப்போது அவர் தோளை இடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வாயும் உள்ளே போகிறதா என்று அவர் தொண்டையையே பார்ப்பேன். "இன்னும் ஒரு வாய்யா, இந்த ஒரு வாய்தான்" என்று கெஞ்சுவேன். கெஞ்சிப் பார்த்து ஆகாவிட்டால் கத்துவேன்.

ஒரு நாள் காரக்குழம்பில் உப்புப் போட மறந்துபோனேன். அவர் தன் கணக்குக்கு நாலு வாய் தின்றுவிட்டு எழுந்தார். "எப்டிய்யா கீது?" என்று கேட்டேன். "நல்லாதான் கீது" என்றார். அவர் போன பிறகு நான் வாயில் வைத்தேன். துளி உப்பில்லை. இத்தனை வருஷம் எதிர்பார்த்த வார்த்தை அது, வந்த அன்றைக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் அதே பதில்தான். கஞ்சிக்கும் நல்லாதான் கீது, கறிக்கும் நல்லாதான் கீது.

எங்கள் மகள் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். போனில் என் அழுகையைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் அவளே சொன்னாள்: "நைனாவ இட்டுக்கினு இங்க வாம்மா. நாலு நாளு கடல் காத்து பட்டா பசி எடுக்கும்." எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கிளம்பினேன். வழியில் தின்னப் புளிசோறு கட்டினேன். அங்கே போய்ப் பொங்கிப் போட அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த் தூள், கொல்லையில் பறித்த முருங்கைக்காய் என்று ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டேன். உத்திரமேரூரில் ஒரு பஸ், செங்கல்பட்டில் ஒரு பஸ் மாறி அந்தப் பையைச் சுமந்துகொண்டு போய் இறங்கினால், மகள் அறையில் அடுப்பே இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் கேஸ் வைக்கக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறாராம்.

"அடுப்பில்லாத வூடு இன்னா வூடுடி?" என்றேன்.

"வெளிய துன்னலாம்மா. ஊரு பூரா கடதான்" என்றாள்.

முருங்கைக்காய் மூலையில் கிடந்து காய்ந்தது. நாங்கள் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

முதல் நாள் ராத்திரி அவள் போனில் ஸ்டார் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனது ஒரு மாடிக் கடை. உள்ளூர்ப் பையன் ஒருத்தன் சொந்தமாக நடத்துகிறான். மேலே ஏறினால் கடல் சத்தம் கேட்கிறது, மேசை மேல் மெழுகுவத்தி எரிகிறது, பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் எதையோ குத்திக் குத்தித் தின்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகள் என்னென்னவோ கொண்டுவரச் சொன்னாள். பெரிய தட்டில் நூடுல்ஸும் இறாலும் வந்தன. கடைக்காரப் பையன் ஆசையாகப் பக்கத்தில் நின்று, "எப்பிடி சார் இருக்கு?" என்று கேட்டான். அவர் ரெண்டு வாய் தின்றிருந்தார். "நல்லாதான் கீது" என்று முள்கரண்டியைக் கீழே வைத்தார். அந்தப் பையனுக்கு முகமெல்லாம் பல். எனக்கு அவனை அறையலாம் போல வந்தது. அவன் என்ன பண்ணுவான், பாவம்.

மறுநாள் காலை நாஷ்டாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இட்லிக் கடை. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். இட்லி பஞ்சு மாதிரி இருந்தது, காரச் சட்னியின் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. அவர் அரை இட்லி தின்றார். "நல்லாதான் கீது." எனக்கு வந்ததே கோபம், நடுரோட்டில் கத்திவிட்டேன்: "நல்லா கீதுன்னா துன்னேன்யா! எதுக்குய்யா என் உசுர வாங்கற?" அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மத்தியானம் அந்த மீன் கடைக்குப் போனதே பசிக்காக இல்லை, வெயிலுக்கு ஒதுங்கத்தான். மீனவர் குப்பத்து ஓரத்தில் தகரக் கொட்டகை, நாலு நீள மேசை, வாழையிலை. ஒரு அம்மாள் நடத்துகிறார். என் வயசுதான் இருக்கும், குரல் மட்டும் கடல் வரைக்கும் கேட்கும். எங்கள் பக்கம் எல்லாரும் ஏரி மீன் தின்று வளர்ந்தவர்கள். கடல் மீன் என்றாலே இவர் மூக்கைப் பிடிப்பார். சரி, எதைத் தின்றாலும் நாலு வாய்தானே என்று உள்ளே போய் உட்கார்ந்தோம். இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, கூட்டம் அதிகம் என்பதால் குழம்பை ஒரு சின்ன எவர்சில்வர் வாளியில் கரண்டியோடு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

கரண்டியைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்திருக்கவில்லை, கால் தானாக எழுந்தது. அவர் பக்கத்தில் போய் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழம்பை ஊற்றி, "ம், பெசஞ்சி துன்னு" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. மகள், "அய்யோ, ஒக்காரும்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னாக்கா, எங்க கடையில வேலைக்கு வந்துகிறியா?"

"இல்லம்மா. இவுருக்கு ஆபரேசன் ஆயிகீது. நான் நின்னாதான் ரெண்டு வாயி துன்னுவாரு."

"நின்னு நின்னு எவ்ளோ துன்னாரு, ஆளப் பாத்தா தெரியல? நீ ஒக்காருக்கா. ஊத்தறதுக்கு நாங்க கீறோம். வழில நின்னுக்கினு கீற, புள்ளைங்க எலயத் தூக்கிக்கினு எப்டிப் போறதாம்?" என்று என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வாளியில் போட்டார்.

கோபம் வந்தது. ஆனால் இடம் அவளுடையது. அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்கும் இலை விழுந்தது. ஆவி பறக்கிற சோறு, மேலே சங்கரா மீன் குழம்பு, ஓரத்தில் மொறுமொறுவென்று ஒரு துண்டு வஞ்சிரம். சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு வாய் வைத்தேன். அவ்வளவுதான், எனக்குச் சுற்றி இருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. நான் சூடாகச் சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் என் முறை வருவதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அதையும் ஒழுங்காகத் தின்னவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் காணாததைக் கண்டவள் மாதிரி தின்றேன். எதிரே புருஷன் இருக்கிறார், அவர் தின்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பதே நினைவில் இல்லை.

ரெண்டாவது தடவை சோறு வாங்கிக் குனிந்து பிசைந்துகொண்டிருக்கும்போது என் இலைக்குள் ஒரு கை வந்தது. என் வஞ்சிரத்தில் பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டு போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். அவர்தான். தண்ணீர்ச் சொம்பை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற மனுஷன், பெற்ற பிள்ளை எச்சிலைக்கூடத் தொடாத மனுஷன், என் இலையிலிருந்து எடுத்துத் தின்கிறார். நான் அசையவே இல்லை. மூச்சு விட்டால்கூட நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

மென்று முழுங்கிவிட்டு, தன் இலையில் ஆறிக் கிடந்த குழம்புச் சோற்றில் ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னாமே இது, புளி தூக்கலா கீது?" என்றார்.

எனக்குக் காது அடைத்த மாதிரி ஆயிற்று. "இன்னாது?" என்றேன்.

"புளிதாம்மே. வாயி கூசுது. துன்னுக்கினு கீறியே, உனுக்குத் தெர்ல?"

கடைக்காரம்மாவுக்குக் கேட்டுவிட்டது. விடுவாரா? "யண்ணா, இன்னா சொன்ன? ஊரே வந்து துன்னுட்டுப் போவுது, உனுக்கு மட்டும் புளி தூக்கலா?"

"ஆமா, தூக்கலாதான் கீது. எங்கூரு ஏரி விராலுக்கு இவ்ளோ புளி ஊத்துனா மீனு தெறிச்சி ஓடிடும்."

"ஏரி மீனு இன்னா மீனு, சேத்து வாசன!"

"சேத்து வாசனயா? யம்மா, நீ துன்னுகிறியா மொதல்ல? இப்டி கொஞ்சம் ஊத்து, நல்லாப் பாத்து சொல்றேன்."

அந்த அம்மாள் ஊற்றினார். இவர் பிசைந்து தின்று பார்த்து, புளிதான் என்றார். கடைக்காரம்மா காரம்தான் என்றார். இவர் இன்னொரு கரண்டி வாங்கி, அதையும் தின்று, புளியேதான் என்று சத்தியம் பண்ணினார். சண்டை போட்டுக்கொண்டே இலையைக் காலி பண்ணிவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிக்கிறார்கள், மகள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். குழம்பில் புளி தூக்கலாகத்தான் இருந்தது. தின்கிற அவசரத்தில் நான்தான் கவனிக்கவில்லை. அந்தக் கடைக்காரம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எச்சில் கை என்று அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். தினமும் ஒரு சண்டை. ஒரு நாள் அந்த மாடிக் கடைக்கும் மறுபடியும் போனோம். "நூடுல்ஸு வேவல தம்பி" என்று பையனிடம் முகத்துக்கு நேரே சொன்னார். பையன் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குத்தான் முகமெல்லாம் பல்.

திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டியதும் பஸ்ஸில் கேட்டேன், வீட்டில் இறங்காத சோறு அங்கே மட்டும் எப்படி இறங்கியது என்று. "நீ தலமாட்டுல நின்னுக்கினு வாயப் பாத்தியானா ஆசுபத்திரில படுத்துக்கினு கீற மாரியே கீது. அங்க நீ பாட்டுக்கு வாரி வாரித் துன்ன. அதப் பாத்தா எனுக்கே எச்சி ஊறிச்சி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உன் நல்லதுக்குத்தானே நின்றேன் என்று சொல்ல வாய் வந்தது. பெல்ட்டைப் பார்த்தேன், ஒரு ஓட்டை தளர்த்திப் போட்டிருந்தார்.

மறுநாள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். ரெண்டு தட்டு எடுத்து எதிரெதிரே வைத்தேன். எடுக்கும்போது கை கொஞ்சம் கூசியது. ஜன்னல் வழியாக யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்தேன். சோறு ரெண்டு தட்டிலும் ஆவி விட்டது. அவர் தட்டைப் பார்க்கக் கூடாது என்று என் தட்டையே பார்த்துப் பிசைந்தேன். இங்கே இறங்காவிட்டால் மறுபடியும் அந்த ட்யூப் பேச்சுதான்.

"இன்னாமே கொழம்பு இது?" என்றார். "இதுக்கு அந்தக் கடக்காரம்மா எவ்ளோவோ தேவல."

முன்பு என்றால் கரண்டி பறந்திருக்கும். அன்றைக்கும் பதில் சொல்லத்தான் பார்த்தேன், வாய் நிறையச் சோறு. கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் தட்டில் குழம்பு தீர்ந்திருந்தது. பழக்க தோஷத்தில் எழுந்திருக்கப் போனேன்.

"நீ துன்னுமே" என்று சொல்லிவிட்டு, குழம்புச் சட்டியைத் தானே இழுத்து ஊற்றிக்கொண்டார்.