சங்ரோ ஆற்றில் இப்போது மீன் பிடிக்கிறார்கள்

பூனாவுக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் இங்கே மனிதர்கள் சும்மா மலை ஏறுகிறார்கள். விறகுக்கில்லை, வேண்டுதலுக்கில்லை. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் என் பக்கத்து மேஜைக்காரர் ஜோஷி, "சலோ மாணிக்கம்ஜி, காற்று வாங்கலாம்" என்று வருடக்கணக்காக அழைத்து, போன குளிர்காலத்தில் ஒருவழியாக என்னை லோஹகட் மலைக்கோட்டைக்கு இழுத்துப்போனார். எனக்கு முழங்கால் வலி, மனமும் இல்லை.

கூட வந்தவர் பியெத்ரோ என்ற இத்தாலியர். சின்ச்வடில் ஓர் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். இரண்டாம் உலகச் சண்டையில் நான் பட்டாளத்தோடு அவருடைய ஊரான அப்ருட்ஸோ மலைப்பக்கம் இருந்தவன் என்று ஜோஷி சொன்னதும், படியிலேயே நின்று பையிலிருந்து படங்களை எடுத்தார். பனியில் சறுக்கும் பிள்ளைகள். காட்டில் காளான் பறிக்கும் மனைவி. சங்ரோ ஆற்றில், முழங்கால் தண்ணீரில், தூண்டிலோடு அவரே.

"பெல்லோ?" என்றார். அழகுதானே என்று கேட்கிறார்.

"ஃபாங்கோ," என்றேன். சேறு. எனக்கு நினைவிருந்த சொல் அதுதான்.

"ஆமாம், மழையில் சேறுதான். நல்ல பூட்ஸ் வேண்டும்," என்று சிரித்தார்.

அந்த ஆற்றில்தான் நாங்கள் கொட்டும் மழையில் பாலம் போட்டோம். குண்டு விழுந்தபோது, என்னோடு ஆம்பூரிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்த சவரிமுத்து பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்தான். அவனை மேட்டில் புதைத்துவிட்டு அன்றே அடுத்த பாலத்துக்குப் போனோம். ஊர் திரும்பியதும் அவன் மனைவி லூர்து கேட்டாள்: "எப்படியாப்பட்ட எடம்ணா?" "நல்ல எடம்தாம்மா" என்றேன். அந்தப் பொய்யோடு அவளை எதிரில் பார்க்கக் கூசித்தான் இவ்வளவு தூரத்தில் வேலை தேடினேனோ என்னவோ.

தெரிந்த ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். பியெத்ரோ படங்களை உள்ளே வைத்தார். பிறகு ஒரு தாளை நீட்டி, "உங்கள் நண்பர் பெயரை எழுதுங்கள்," என்றார்.

ஈஸ்டருக்கு ஊர் போனவர் ஒரு படம் அனுப்பினார். சவரிமுத்துவின் பெயர் வெட்டிய வெள்ளைக் கல்லறைக்கல், அதன்மேல் மஞ்சள் பூக்கள், பின்னால் பனி மூடிய மலை. அதை லூர்துவுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "எடம் குளுமையா இருக்குதுண்ணா. அவரு அங்கயே இருக்கட்டும். நீங்க எப்ப ஊருக்கு வர்றீங்க?"

தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதி உறையை ஒட்டினேன். அனுப்புநர் பக்கத்தில் தேஹு ரோடு விலாசத்தைக் கை தானாக எழுதியது. ஆம்பூரில் அவள் இருப்பதும் நான் பிறந்த தெருதான்; அந்தச் சொந்தத் தெருவின் பெயரைத்தான் பெறுநர் பக்கத்தில் அவள் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.