சூடேறிய கல்தரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. நம்பமாட்டேன் என்பவர்கள் நம்பவேண்டாம், எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. நான் கனடாவில், ஸ்காபரோவில் வருடக்கணக்காகப் பஸ் ஓட்டுகிறவள். வெறிகாரரோடு வாய் காட்டியிருக்கிறேன். கத்தியோடு ஏறியவனைக் கதவைத் திறந்து இறக்கிவிட்டிருக்கிறேன். இல்லாததைக் கண்டு நடுங்குகிற ஆள் நான் இல்லை. ஆனால் போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அந்தச் சின்னக் கொரிய அருங்காட்சியகத்தில் எனக்கும் என் கணவருக்கும் நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் பேர்ணடெற். கணவர் கிளிபோட். இரண்டு பேரும் மன்னார் ஆட்கள், இப்போது வோபர்னில் வீடு. எங்கள் ஒரே மகள் நடாஷா, ஜுன்ஹோ என்ற கொரியப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். எனக்குச் சம்மதம். கிளிபோட்டுக்கு இல்லை.

“பேர்கூட வாயில வருதில்லை. உவனோட என்னத்தைக் கதைக்கிறது?”

“கிளிபோட் எண்ட பேர் மட்டும் மன்னாரில முளைச்சதோ?” என்று கேட்டேன்.

அடுத்த கிழமை இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திப்பதாக இருந்தது. அதற்குமுன் அந்தச் சனத்தைப் பற்றி ஏதாவது அறிந்துகொள்வோம் என்று நான்தான் ஜுன்ஹோவைக் கேட்டேன். ஒரு இடம் இருக்கிறது என்றான். இரவு வேலை முடித்து அரைத்தூக்கத்தில் இருந்த கிளிபோட்டை இழுத்துக்கொண்டு போனேன்.

நோர்த் யோர்க்கில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடி. அதை நடத்துகிறவர் ஹான் என்ற வயதான மனிதர். ஒரு மலைப்பக்கச் சுரங்க ஊரிலிருந்து வந்தவர். தன் ஊருடைய சாமான்களையும், கொரியர்களின் பழைய விஞ்ஞானக் கருவிகளின் மாதிரிகளையும் சேர்த்து வைத்திருந்தார். ஆங்கிலம் குறைவு. ஜுன்ஹோ மொழிபெயர்த்தான். எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

மழையை அளக்கிற இரும்புப் பாத்திரம். கிண்ணம்போலக் குழிந்த நிழற்கடிகாரம். அதற்கு அப்பால், என் உயரத்துக்கு ஒரு தண்ணீர்க் கடிகாரம். தண்ணீர் நிரம்பினால் உள்ளே குண்டுகள் உருளும், மேலே நிற்கிற மரப்பொம்மைகள் மணியும் மேளமும் அடிக்கும். அரசர் காலத்தில் அதுதான் நேரம் சொன்னதாம்.

“இப்ப அடிக்குமோ?” என்று கேட்டார் கிளிபோட். அன்று அவர் காட்டிய முதல் அக்கறை.

பம்ப் பழுது, கோடையிலிருந்தே ஓடவில்லை என்றார் ஹான். நான் எட்டிப் பார்த்தேன். தொட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தூசி படிந்திருந்தது.

கடைசியாக ஒரு அறை. அந்தக் காலத்துக் கொரிய வீட்டு அறை ஒன்றை அப்படியே கட்டியிருந்தார்கள். தரைக்குக் கீழே கற்கள், மேலே எண்ணெய் பூசிய மஞ்சள் கடதாசி. அடுப்புப் புகை கல்லுக்குக் கீழே ஓடித் தரையைச் சூடாக்குமாம். குளிர் ஊர்க்காரருடைய மூளை! இங்கே நெருப்பும் இல்லை, வயரும் இல்லை, பார்ப்பதற்கு மட்டும் என்றார் ஹான். மூலையில் மடித்து வைத்த தடித்த போர்வைகள். வாசலுக்கு மெல்லிய கடதாசி ஒட்டிய இழுவைக் கதவு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இருந்து பாருங்கள் என்று கை காட்டினார்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வாசற்படியைத் துப்புரவாக்க ஹான் கீழே போனார். ஜுன்ஹோவும் உதவிக்குப் போனான்.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். மணி நாலரை இருக்கும்.

“அட, தரை சுடுது,” என்றார் கிளிபோட்.

கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். யாரோ இவ்வளவு நேரமும் படுத்திருந்து எழும்பிப் போன இடம்போல இளஞ்சூடு.

“நெருப்பில்லை எண்டாரே?”

“கரண்டாயிருக்கும். கொஞ்சம் நாரியை நிமித்திறன்.” அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். ஒரு நிமிடம் ஆகவில்லை, குறட்டை.

எனக்குச் சிரிப்பு வந்தது. மருமகன் வந்து பார்த்தால் வெட்கக்கேடு என்று வெளியே வந்து கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அது கேட்டது.

டொங்…

மேளம். திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்க் கடிகாரத்தின் மரப்பொம்மையுடைய கை, மேளத்தின் மேல் தாழ்ந்து நின்றது. கீழே தொட்டியில் அதே தூசி.

“கிளிபோட்…” என்றேன்.

பதில் இல்லை. குறட்டையும் இல்லை.

அறைக் கதவு மூடியிருந்தது. நான் மூடவில்லை.

இழுத்துத் திறந்தேன். அவர் கிடந்தார். கழுத்துவரை போர்வை. பிள்ளைக்குச் செருகுவதுபோல இரண்டு பக்கமும் செருகியிருந்தது. கிளிபோட் தன் கட்டிலையே ஒழுங்காக விரிக்கத் தெரியாத மனுசன்.

போர்வையை உரிந்து எறிந்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. போவம்.”

கண் திறக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. நல்ல சுகமான ஆள்போலச் சிவப்பு. தரை இப்போது உள்ளங்காலைச் சுட்டது. எனக்கும் தலை கனத்தது. வாய்க்குள் கரி ருசி.

பின்னால் கதவு மெல்ல இழுபட்டு மூடியது.

ஸ்ஸ்ஸ்…

காற்று இல்லை. வாயால் எழுப்புகிற சத்தம். அழுகிற பிள்ளையை அடக்குவதுபோல.

ஸ்ஸ்ஸ்…

பிறகு தட்டுகிற சத்தம். தப்… தப்… தப்… மெதுவாக, ஒரே சீராக. கிளிபோட்டுடைய நெஞ்சில் சேர்ட் அமுங்கி எழும்பியது. அமுங்கி எழும்பியது. தட்டுகிற கையைக் காணவில்லை.

போர்வை மறுபடியும் அவர் கழுத்துவரை இருந்தது.

செபம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வந்தது கோபம். முப்பது வருடமாக நான் எழுப்பி, நான் சமைத்துக் கொடுத்து, நான் சண்டை பிடிக்கிற மனுசனை இன்னொருத்தி வந்து படுக்க வைப்பதோ?

“அடியே!” என்று கத்தினேன். “ஆரெண்டாலும் சரி. அவர் என்ர மனுசன். உன்ர பிள்ளை இல்லை!”

தட்டுவது நின்றது.

என் தோளில் ஒரு பாரம். சூடான கை. கீழே அமர்த்தியது. படு… படு… என்பதுபோல. முழங்கால் மடங்கியது. கண் சொருகியது. நித்திரை அவ்வளவு இனிப்பாக வந்தது…

ஸ்ஸ்ஸ்…

“படுக்கமாட்டன்!”

உதறினேன்.

“வாயை மூடமாட்டன்! போடி!”

கிளிபோட்டுடைய கன்னத்தில் விட்டேன் ஒரு அறை. இன்னொன்று. கதவை இழுத்தேன். அசையவில்லை.

உதைத்தேன்.

கடதாசி கிழிந்தது. சட்டம் முறிந்தது.

குளிர் காற்று உள்ளே வந்தது.

“ஜுன்ஹோ!” என்று கத்தினேன். கட்டடம் அதிரக் கத்தினேன். நிறுத்தாமல் கத்தினேன்…

பனியோடு ஓடி வந்தான் பையன். ஒன்றும் கேட்கவில்லை. கிளிபோட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். நான் வெறுங்காலோடு பின்னால் போனேன்.

எமர்ஜென்சியில் ஒட்சிசன் போட்டார்கள். இரத்தத்தைச் சோதித்த டொக்டர் கேட்டார்: “இவர் எவ்வளவு நேரம் புகைக்குள் இருந்தார்? எங்கே நெருப்பு?”

நெருப்பே இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கிளிபோட்டுடைய இரத்தத்தில் நிறைய காபன் மொனொக்சைட், முகத்தைச் சிவக்கவைக்கிற புகைநஞ்சு. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆளைக் கொண்டுபோயிருக்குமாம். என் இரத்தத்தில் துளியும் இல்லை.

தீயணைப்புக்காரர் அன்று மாலையே போய்க் கட்டடம் முழுக்க மீட்டர் பிடித்துப் பார்த்தார்கள். பூச்சியம். அந்தக் கட்டடத்துக்கு எரிவாயுவே இல்லை, முழுவதும் மின்சாரச் சூடு. அந்த அறையின் தரை பனிபோலக் குளிர்ந்து கிடந்ததாம்.

கிளிபோட் கண் விழித்ததும் முதல் கேட்டது இதுதான்: “நீர் ஏனப்பா என்னைத் தட்டித் தட்டி நித்திரையாக்கினனீர்?”

“நான் தட்டேல்லை. அறைஞ்சனான்,” என்றேன். அதற்குமேல் அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் ஜுன்ஹோ என்பது. இப்போது அந்தப் பெயர் அவர் வாயில் நன்றாக வருகிறது. கலியாணம் ஆவணியில்.

நான் சும்மா இருக்கவில்லை. கிளிபோட் வீடு வந்ததும் ஜுன்ஹோவைக் கூட்டிக்கொண்டு அங்கே திரும்பிப் போனேன். பயமில்லை என்று சொல்லமாட்டேன். பயத்தோடுதான் போனேன். உடைந்த கதவுக்கு முன்னால் ஹானை நிறுத்தி, “இந்தத் தரை எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல, ஜுன்ஹோ மொழிபெயர்த்தான்.

கற்கள் ஹானுடைய ஊரில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தவை. அவர் சின்னவராக இருந்தபோது, குளிர்காலத்தில் ஒரு நாள், அந்த வீட்டுத் தரையில் வெடிப்பு விட்டு அடுப்புக் கரியின் புகை அறைக்குள் ஏறியிருக்கிறது. அறையில் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் படுத்திருந்தார்கள். தாய் நூல் ஆலையில் வேலை. விடியத் திரும்பி வந்தவள், எல்லோருடைய முகமும் சிவந்து சுகமாக இருக்கக் கண்டு, அசந்து தூங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். குளிர் படாமல் கதவை நன்றாக மூடிவிட்டு, போர்வைகளை இழுத்துச் செருகிவிட்டு, சோறு வைக்கப் போயிருக்கிறாள்.

காலையில் அயலவர்கள் வந்து கூப்பிட்டார்களாம். அவள் வாசலுக்கு வந்து, வாயில் விரலை வைத்து, “ஸ்ஸ்ஸ்… தூங்குகிறார்கள்” என்றாளாம். அவர்களும் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார்கள். மத்தியானம்தான் தெரியவந்தது.

ஹான் அதோடு நிறுத்திவிட்டார். பிறகு தாழ்ந்த குரலில் இன்னும் ஒரு வசனம் சொன்னார். ஜுன்ஹோ உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் அவன் கையைப் பிடித்து, “சொல்லு,” என்றேன்.

சொன்னான்.

“அயலவர்கள் வந்து கூப்பிட்ட நேரம், கடைசிப் பிள்ளைக்கு மூச்சு இருந்தது என்று டொக்டர் சொன்னாராம்.”