செவ்விளநீரில் கரைத்த குளிசை

இருமலும் காய்ச்சலுமாகச் சில நாள் கிடந்த பிறகு என் உதடு வெந்துபோனது. சூடாக எதையும் குடிக்கவில்லை. அப்புறம் நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள் வந்தன, அவற்றின்மேல் கொப்புளங்கள். கண்ணைத் திறந்தால் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் எரிந்தது. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஏழு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

கெலிஓயாவில் எங்கள் வீட்டுக்கு அது போதும். வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை. அடுப்படியில் தாளிப்பு நின்றது. யாரும் உள்ளே வரக்கூடாது, நான் வெளியே போகக்கூடாது. முக்கியமாக மருந்து கூடாது. ஆத்தா தானாக இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். எனக்கோ சின்ன வயதிலேயே அம்மை வந்துபோய்விட்டது. அன்று அரித்தது, இது எரிந்தது. சொல்லத்தான் நினைத்தேன். வாய் முழுக்கப் புண், நாக்கு தடித்துக் கிடந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டன. கண்டியில் புடவைக் கடையில் நாள் முழுக்கப் பேசியே வியாபாரம் செய்கிறவள், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், இருட்டில், எல்லாம் காதில் விழக் கிடந்தேன். பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

என் கணவர் தாய் சொல்லைத் தட்டுகிறவர் இல்லை. ஆனால் காய்ச்சல் வந்தபோதே பாமசியில் வாங்கிவந்து கொடுக்கத் தொடங்கிய இருமல் குளிசையைப் பாதியில் நிறுத்தவும் அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அதைப் பொடித்து, எனக்கென்று வெட்டிய செவ்விளநீரில் மறைவாகக் கரைத்தார். அம்மாவுக்கும் நல்ல பிள்ளை, எனக்கும் நல்ல புருஷன். வாயில் பட்ட கசப்பில் எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் குளிசை தொடங்கிய பிறகுதான் இந்தப் பாடு என்று எனக்குப் பட்டது. வேண்டாம் என்று தலையாட்டினேன். வலியில் ஆட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

"கொஞ்சந்தான். கண்ண மூடிக்கிட்டு குடிச்சிரு."

கண் மூடித்தானே கிடக்கிறது. ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு விடமாட்டார், இன்னொருத்தர் குளிசையை விடமாட்டார். இரண்டு பேரின் அன்பும் சேர்ந்து என்னைக் கொன்றுவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். மறுமுறை அவர் டம்ளரை வாயருகே கொண்டுவந்தபோது, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தட்டிவிட்டேன்.

சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்தார். விரிப்பில் கரையாத பொடியைப் பார்த்ததும் மகனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆத்தா இருக்கிற உடம்பில் மருந்தா என்று திட்டிக்கொண்டே, ஈரத் துணியால் என் தோளைத் துடைத்தார். திட்டு சட்டென்று நின்றது. துணியோடு தோல் வந்துவிட்டிருந்தது, அவித்த தக்காளியின் தோல் கழல்வதுபோல. எத்தனையோ பேருக்கு அம்மை பார்த்தவர் அவர்.

"அம்மையில தோலு இப்பிடி உரியாது. இது ஆத்தா இல்லடா. போய் ஆட்டோ புடிச்சிக்கிட்டு வா."

ஆஸ்பத்திரியில் என் கண்களைக் காப்பாற்றப் பெரும்பாடு பட்டார்கள். இமைகள் உள்ளே ஒட்டிவிடாமல் விலக்கி விலக்கி மருந்து விட்டார்கள். நான் தேறியதும் கணவர் டொக்டரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார், குளிசைதான் காரணமா என்று. அந்த டொக்டரம்மா சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். நெஞ்சில் சளியோடு இருந்த கிருமியே சிலருக்கு வாயையும் தோலையும் இப்படி ஆக்கிவிடுமாம். குளிசை மட்டுமே செய்வதும் உண்டாம். கிருமியோடு சண்டையில் இருக்கும் உடம்புக்குள் குளிசையும் போனால், உடம்பு ஆள் தெரியாமல் தன் தோலையே அடிப்பதும் உண்டாம். என் விஷயத்தில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுபடி கொடுத்துப் பார்ப்பது உயிரோடு விளையாட்டு. ஆகவே அந்தக் குளிசையும் அதன் இனமும் ஆயுளுக்கும் எனக்கு ஆகாது என்றார்.

என் கணவருக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும்தான். குளிசை என்றால் ஒதுக்கிவிடலாம். கிருமி என்றால் எதை ஒதுக்குவது? கண்டி பஸ்ஸில் பக்கத்தில் யாராவது இருமினால் இடையிலேயே இறங்கிவிடுகிறேன். நான் தும்மினால் மாமியார் ஆட்டோக்காரருக்குப் போன் எடுக்கப் பார்க்கிறார். தலைவலி என்றால்கூடக் கணவர் குளிசையை என் கையில் தருவதில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார். அவர்மேல் கோபமே இல்லை என்றால் பொய். டொக்டருக்கே தெரியாதபோது அந்தக் கோபத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த மழைக்கு எனக்கு இருமல் வந்தது. யாருக்கும் சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு இருமினேன். கதவுக்கு வெளியே கணவர் நின்றிருக்கிறார்.

"பைப்ப மூடு. எனக்குக் கேக்குது."

மூடினேன். அடுத்த இருமலை அவருக்குக் கேட்கவே இருமினேன்.