விமானம் ஏறாத தாய்மாமன்

கனடாவுக்கு ரக்பி லீக் அணி ஒன்று இருக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், முட்டை வடிவப் பந்து, தலைக்கு ஹெல்மெற்றும் இல்லை. நான் மூக்கை உடைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் அக்கா, "உனக்கென்ன விசரே?" என்பார். வேலை முடிந்து, நாங்கள் குடியிருந்த மல்வேர்னிலிருந்து பஸ் மாறி மாறிப் பயிற்சிக்குப் போய்வந்தவன் நான். அந்த அணி அப்போதுதான் கடல் கடந்து ஆடத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்துப் பயணத்துக்கு என்னையும் எடுத்திருந்தார்கள். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும்.

பயண நாள் கடைசியில் மாறி, அக்கா மகளின் சாமத்திய வீட்டு நாளில் வந்து விழுந்தது. பிள்ளை பெரியவளாகி ஒரு வருடமாகியிருந்தது. இங்கே பஞ்சாங்கம் நாள் குறிப்பதில்லை. விழா எடுக்கிற ஹோல் எப்போது கிடைக்கிறதோ, வீடியோக்காரர் எப்போது ஓய்வோ, அதுதான் சுபதினம்.

"நீ இல்லாட்டி ஆரடா தண்ணி வாக்கிறது? அவளுக்கு இருக்கிறது ஒரு மாமன்தானே," என்றார் அக்கா.

சரி என்றேன். விமானம் இரவுதான். பின்னேரம் வெளிக்கிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்துத் தண்ணீர் வார்த்ததும் மாமன் கடமை முடிந்துவிடும் என்று நம்பியது என் மடத்தனம்.

காலையில் வீட்டில் தண்ணீர் வார்த்தாயிற்று. பிறகு மார்க்கம் நகரில் எடுத்திருந்த ஹோலுக்குப் போனோம். எனக்குப் பட்டு வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, மருமகள் இருந்த பல்லக்குக்குப் பக்கத்தில் நடக்கவிட்டார்கள். வாசல்வரை வந்ததும் வீடியோக்காரர், "அண்ணை, லைற் சரிவரேல்லை, திரும்பப் போய் வாங்கோ," என்றார். போய் வந்தோம். பிறகு ஆலத்தி எடுத்தார்கள். பிறகு மேடையில் படம். ஒவ்வொரு குடும்பமும் பிள்ளையோடும் தாய்மாமனோடும் நின்று எடுக்க வேண்டும். வரிசை கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

நேரமாகிறது என்று அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் மேடையேறி வந்து என் சால்வையைச் சரிசெய்வது போலக் காதுக்குள், "இப்ப இறங்கினியெண்டால் மாமனுக்கு விருப்பமில்லையெண்டு அத்தான்ர ஆக்கள் கதைப்பினம். என்னை வெட்கப்படுத்தாதை," என்றார். கும்பிட்டபடி சிரித்தேன். எதிராளிகள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் நடுவர் ஊதினால் எழும்பலாம். இங்கே ஊத ஒருவரும் இல்லை.

வரிசை குறைந்தபோது இரவு வெகுநேரமாகியிருந்தது. மருமகள் நகைப் பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தாள்.

"மாமா, உங்கட ஃப்ளைற்?"

"போயிருக்கும்."

"ஐ டிடின்ற் ஈவன் வோன்ற் திஸ், மாமா. எனக்கு இது வேண்டாமெண்டு அம்மாட்டச் சொன்னனான்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். கண்மை வழிந்தது. என்னாலும் அடக்க முடியவில்லை. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நானும் அழுதேன். வீடியோக்காரர் ஓடி வந்தார். "அப்பிடியே நில்லுங்கோ, அண்ணை! சூப்பர்!"

அணி நான் இல்லாமலே போனது. அடுத்த முறை என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

அந்த அழுகையை மெதுவாக ஓடவிட்டு, புல்லாங்குழல் இசை சேர்த்து, வீடியோவின் நடுவில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா முதலில் அதைத்தான் போடுவார். "என்ர தம்பிக்கு இவளிலை எவ்வளவு பாசம் எண்டு பாருங்கோ," என்று சொல்லும்போதே அவருக்கும் கண் கலங்கிவிடும். மருமகள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் விருந்தினர் நடுவில், ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, அது முடியும்வரை இருப்பேன்.