கீழ் வீடு யாருக்கு? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு நாள்

ராட்டர்டாம் பற்றி இங்கே மூன்று பதிவுகள் எழுதினேன் அல்லவா, அதற்கு வந்த மின்னஞ்சல்களில் பாதி விசா பற்றியவை. அந்தக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை, எனக்கு விசா வாங்கித் தந்தது என் அலுவலகம். மீதிப் பாதி கட்டடக்கலை மாணவர்கள் எழுதியவை. பழைய குடியிருப்பை இடித்துக் கட்டுவது என்றால் என்ன என்று நேரில் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டிருந்தார்கள். இவர்களுக்கு விசாவே வேண்டாம். பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் போதும்.

நான் போனது 2009 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை. கூப்பிட்டது தேவகி. மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கிறவர். வீட்டு வரைபடத்தைப் படிப்பது எப்படி என்று பெண்களுக்கு நான் எடுத்த ஒரு வகுப்பில் பழக்கம். அவர் குடியிருக்கும் நாற்பது வருஷ அரசுக் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், அன்று மாலை நாலு மணிக்குக் கணக்கெடுக்க ஆள் வருகிறார், அதற்கு முன்னால் "நீ வெளிநாட்ல எடுத்தாந்த போட்டோவக் காட்டு யக்கா" என்று போனில் சொன்னார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வெளிநாடு போய் வந்தவர்களுக்கு யாராவது போட்டோ கேட்டால் போதாதா.

பீச்சிலிருந்து ராயபுரத்துக்கு ஐந்து நிமிடம். பழைய தூண்கள் வைத்த ஸ்டேஷனைப் பார்க்கக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள், வெளியே வந்து கிழக்கே நடந்தால் கன்டெய்னர் லாரிகளின் வரிசையும் மீன் வாடையும் ஒன்றாக வரும். இருபது நிமிட நடை. வெயிலுக்கு முன் போங்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

கட்டடம் கீழ்த்தளமும் மூன்று மாடியும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, மேல்கூரைக் காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. இதை இடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் பார்த்த காட்சி வேறு. படிக்கட்டு முழுக்கக் கட்டில், குடம், மிக்ஸி, சாமி படம், மாதா படம். சில மேலே போகின்றன, சில கீழே வருகின்றன. காலி செய்கிறார்களோ என்று பதறிப்போனேன். காலி செய்யவில்லை. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் மாறிக்கொண்டிருந்தார்கள்.

தேவகி விளக்கினார். அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம். மாடி ஏற முடியாதவருக்குக் கீழ் வீடு. யார் பேரில் இருந்தாலும் சரி. பிரசவமான பெண், பக்கவாதம் வந்தவர், கால் உடைந்தவர் என்று யாருக்கு முடியவில்லையோ அவர் குடும்பம் கீழே வரும், கீழே இருப்பவர் மேலே போவார். முடிந்ததும் திரும்ப மாறிக்கொள்ள வேண்டும். எழுத்தும் கிடையாது, வாடகையும் கிடையாது. தேவகியின் கணவர் ஏழுமலை கன்டெய்னர் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. அவர்களுக்கு ஒதுக்கிய வீடு மூன்றாவது மாடி. கீழ் வீடு பிலோமினா என்ற தையல்காரப் பெண்ணின் பேரில் இருக்கிறது. விபத்து நடந்த வாரமே பிலோமினா மேலே போய்விட்டார், ஏழுமலை கீழே வந்து ஜன்னலோரமாக ஒரு பெட்டிக்கடை போட்டார். பன், பிஸ்கட், ஷாம்பு பாக்கெட். அந்த ஜன்னல்தான் அவருக்கு வேலையும் வெளியுலகமும்.

இப்போது வீடுகளை ஒதுக்கிய அரசு ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார். ஒதுக்கீட்டுச் சீட்டில் பேர் ஒன்றும் வீட்டில் ஆள் ஒன்றுமாக இருந்தால் உள்வாடகைக்கு விட்டதாக எழுதிவிடுவார்கள், புதுக் கட்டடத்தில் வீடே கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதனால் எல்லோரும் ஒரு நாளைக்கு மட்டும் சீட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஏழுமலையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் என் கண்முன்னே மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது.

இது முட்டாள்தனம் என்று எனக்கு உடனே தோன்றியது. புதுக் கட்டடம் கீழ்த்தளமும் நாலு மாடியும், லிப்ட் கிடையாது, வீடுகளைக் குலுக்கல் போட்டுத்தான் தருவார்கள். ஏறவே முடியாத ஒருவர் இங்கே இருக்கிறார் என்பதை அரசாங்கம் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே நாளில், அவரைத் தூக்கி மூன்றாவது மாடியில் உட்கார வைத்து, பாருங்கள் இவர் இங்கேதான் குடியிருக்கிறார், ஒரு பிரச்சினையும் இல்லை என்று காட்டப் போகிறார்கள். சொன்னேன். தேவகி கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற வீடும் போய்விட்டால் என்ன செய்வது என்றார்.

கூடியிருந்தவர்களுக்குப் போட்டோ காட்டினேன். ராட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டிய செங்கல் குடியிருப்பு, வெளிச்சுவரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே புதுப்பித்தது, மழைநீர்த் தொட்டி, கூரையில் புல். புல்லைப் பார்த்து அங்கே ஆடு ஏறுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது என்பதை மறைக்கவில்லை. பிறகு நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அங்கே வேலை தொடங்குமுன் இரண்டு பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சமையலறையில் உட்கார்ந்து, எத்தனை அறை வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்களாம். சாவி கொடுத்தவரையும் அதை வைத்திருப்பவரையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்தார்களாம். எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள், பின்னால் வாடகை ஏறி சிலர் திரும்பி வரவே இல்லை என்று அங்கே குடியிருக்கும் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். அதையும் சொன்னேன்.

தேவகி கொஞ்சம் யோசித்துவிட்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அவர் நாத்தனார் கஸ்தூரி, ஏழுமலையின் தங்கை, எண்ணூர்ப் பக்கம் இதே மாதிரி குலுக்கலில் வீடு கிடைத்துப் போனவர். போனில் கேட்டால் எல்லாம் சூப்பரா கீது என்கிறாராம். "நீ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு. அவ எங்கிட்ட நெசம் பேச மாட்டா."

பத்தே முக்கால் வண்டியில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், ஆனால் கடல் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்டையார்பேட்டையில் எண்ணெய் டேங்கர்கள், திருவொற்றியூரில் தொழிற்சாலை மதில்கள். திரும்பும்போது நேரமிருந்தால் திருவொற்றியூரில் இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலைக்குப் போகலாம், அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் சாலையோரம் நெடுகக் கிடக்கும். அந்தக் கற்களுக்கு முன்னால் அங்கே தெருக்கள் இருந்தன என்று எண்ணூரில் என்னை ஏற்றிய ஷேர் ஆட்டோக்காரர் சாதாரணமாகச் சொன்னார்.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஏழு ரூபாய். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை வலப்பக்கம் விட்டுப் பத்து நிமிடம். புதுக் கட்டடங்கள் வரிசையாக, மஞ்சள் வண்ணம் வெளுக்காமல் நின்றன. கஸ்தூரி வீடு மூன்றாவது மாடி. நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். தரையில் டைல்ஸ், உள்ளேயே கக்கூஸ், குழாயைத் திறந்தால் தண்ணீர். கஸ்தூரி உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றையும் கைகாட்டிப் பெருமையாகச் சொன்னார். எழுந்திருக்கவில்லை.

இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. படி இறங்கக் கூடாது. கணவர் வேலைக்குப் போய்விட்டால் காய்கறிக்காரர் வரும்போது பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறார். கீழ் வீட்டில் இருப்பவரிடம் ஆறு மாதம் மாற்றிக்கொள்ளலாமா என்று கணவர் கேட்டாராம். அவர் வியாசர்பாடியிலிருந்து வந்தவர், பக்கத்து வீடு கொடுங்கையூரிலிருந்து வந்தது, எதிர்வீடு எங்கிருந்து என்றே தெரியாது. கீழ் வீட்டுக்காரர் அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டாராம். அவர் கெட்டவரும் இல்லை, தெரியாதவர், அவ்வளவுதான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"எல்லாம் கீது மேடம். கீழ போறதுக்குத்தான் வழியில்ல," என்றார் கஸ்தூரி. அண்ணனிடம் சொல்ல வேண்டாம், மனசு உடைஞ்சிடுவார் என்று கேட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன். அது சத்தியம் பண்ணியது ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

ராயபுரம் திரும்பும்போது மூன்றே கால். பிலோமினா கீழ் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார், பன் என்ன விலை என்று தெரியாமல் வருகிறவர்களையே கேட்டு விற்றுக்கொண்டிருந்தார். நான் நேரே மூன்றாவது மாடிக்குப் போய் தேவகியிடமும் ஏழுமலையிடமும் கஸ்தூரியைப் பற்றி முழுவதும் சொன்னேன். கயிற்றையும் கூடையையும் சொன்னபோது ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டார்.

"எறக்குங்கப்பா. வர்றவன் பாக்கட்டும். இன்னிக்கு மேல கீறேன்னு காட்டிகினா, நாளிக்கு மேலயே கெடக்கணும்."

தேவகி தடுத்தார். கீழே போனால் அது நம் பேரில் இல்லாத வீடு, நமக்கும் இல்லாமல் பிலோமினாவுக்கும் இல்லாமல் போய்விடும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஏழுமலை இறங்கினால் முதலில் அடி விழுவது பிலோமினாவுக்கு. அவர் சம்மதிக்காமல் இதைச் செய்ய முடியாது. சத்தம் கேட்டுப் பிலோமினாவே மேலே வந்துவிட்டார். தேவகி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிலோமினா நாற்காலியின் பின்காலைப் பிடித்துத் தூக்கினார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், கீழிருந்து கணக்கெடுப்பவர் ஏறி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல மாதிரியான ஆள். நாற்காலிக்கு வழிவிடச் சுவரோடு ஒட்டி நின்றார். யார், எந்த வீடு என்று கேட்டார். எல்லோரும் பிலோமினாவைப் பார்த்தார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கீழ் வீடு என் பேரில் இருக்கிறது, இவர் அதில் இருக்கிறார், நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன், காலையிலிருந்து உங்களுக்காக நாங்கள் ஆடியது நாடகம். அவர் தலையைச் சொறிந்தார். பேருக்குரியவர் வீட்டில் இருக்கிறார், இல்லை என்று இரண்டுதான் எழுத முடியும், இல்லை என்று எழுதினால் நோட்டீஸ் வரும், வீடு ரத்தாகவும் வாய்ப்பு உண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"இல்லன்னே போட்டுக்கோ சார்," என்றார் பிலோமினா. "நான் கீழ இல்ல. கீழ மாடி ஏற முடியாதவரு கீறாரு."

அதற்குப் பிறகு மற்றப் படிக்கட்டுகளிலும் சாமான்கள் திரும்ப ஆரம்பித்தன. ஐந்து மணி வரை நானும் ஒரு தையல் மெஷினுக்குக் கை கொடுத்தேன். முதுகு மூன்று நாள் வலித்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆட்கள் ஓய்வெடுக்கும் நாள். குடியிருப்புகளுக்குள் தெரிந்தவர் இல்லாமல் கேமராவோடு நுழையாதீர்கள், அது வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை. தண்ணீர் எடுத்துப் போங்கள். போக வர ரயில், ஆட்டோ, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு எண்பது ரூபாய்க்குள் முடிந்தது. மாலையில் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ நூடுல்ஸ் சாப்பிடாமல் திரும்புவது உங்கள் இஷ்டம். கட்டடக்கலை மாணவர்கள் ராட்டர்டாம் படங்களையும் பாருங்கள், வெளிச்சமும் காற்றும் அவர்களிடம் கற்க வேண்டியவை. ஆனால் வரைபடம் போடுமுன் அந்தப் படிக்கட்டில் யார் யாருக்காக வீடு மாறினார்கள் என்று கேளுங்கள். புதிதாகக் கட்ட முடியாதது அது ஒன்றுதான் என்று நான் இப்போது நம்புகிறேன்.

நோட்டீஸ் வந்தது. இரண்டு குடும்பமும் ஒரே ஆட்டோவில் விசாரணைக்குப் போயிருக்கிறார்கள். ஏழுமலைக்குப் பிறகு அந்த வீடு யாருக்கு என்று அதிகாரி கேட்டாராம். அப்போது யாருக்கு ஏற முடியவில்லையோ அவங்களுக்கு என்றாராம் பிலோமினா. அதிகாரி முடிவைச் சொல்லாமல் அனுப்பிவிட்டார், இவர்கள் பயந்துபோய்க் காத்திருந்தார்கள். போன வாரம் முடிவு வந்தது. யார் வீடும் ரத்தாகவில்லை. கீழ்த்தள வீடுகள் குலுக்கலில் சேராது, அவற்றைக் குடியிருப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம், மேல் வீடுகளுக்கு மட்டும் குலுக்கல். அதையும் போட்டுவிட்டார்கள். ஏழுமலையின் ஜன்னல் தப்பித்தது. போனில் இதைச் சொல்லும்போது தேவகி அழுதார்.

பிலோமினாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். உங்களுக்கு எந்த வீடு என்று கேட்டேன்.

"நாலாவது மாடி," என்றார். "காலு நல்லாத்தான் கீது யக்கா, இப்போதிக்கு."